இரத்தம் சரி, நாள் சரியில்லை

2018 ஆவணியில் ஒரு நாள். திருகோணமலைக் கிளினிக்கில் டொக்டர் என் எச்.ஐ.வி. இரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிட்டுது. ஒழுங்காக் குளிசை குடிச்சிருக்கிறீங்க" என்றார். நானும் சிரித்தேன். "வேறென்ன, எப்படி இருக்கிறீங்க?" என்று கேட்டார். "நல்லா இருக்கிறன் டொக்டர்" என்றேன்.

அன்றைக்கு நான் குளித்து ஒன்பது நாள். கிளினிக்குக்கு வரவேண்டுமே என்று முகத்தை மட்டும் கழுவி, அத்தானின் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அதற்கு முந்திய கிழமை முழுக்க எங்கள் வீட்டுப் படலையைத் தாண்டவில்லை. சைக்கிள் செயின் அறுந்து மூன்று மாதம், மாற்றவில்லை. தொலைந்துபோன அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கக் கிராம சேவகர் தந்த படிவம் தலையணைக்குக் கீழே மடிந்து கிடந்தது. இவையெல்லாம் எந்த ரிப்போர்ட்டிலும் வராது. கேட்டவரிடமும் நான் சொல்லவில்லை.

மருந்து என் உடம்பை ஒரு வருடத்துக்குள் நிமிர்த்திவிட்டது. என் நாளை நிமிர்த்த மேலும் மூன்று வருடம் போனது. அந்த மூன்று வருடத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்னைப்போல ஊருக்குள் தனியாக இந்தத் தொற்றை வைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் படித்தால் அவருக்கு மூன்று மாதமாவது மிச்சமாகட்டும்.

ஊர்ப் பெயரை எழுதமாட்டேன். கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே, மூதூரையும் தாண்டிப் போகவேண்டும். வயலும் குளமும் எருமைப் பட்டியும் உள்ள ஊர். 2004-ல் சுனாமி. 2006-ல் சண்டை வந்தபோது உடுத்த உடுப்போடு வாகரைப் பக்கம் நடந்தோம். திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, அப்பாவும் இல்லை. 2012-ல் நான் சாரதி வேலைக்கு வளைகுடாவுக்குப் போனேன். 2017-ல் விசா புதுப்பிக்க இரத்தம் எடுத்தார்கள். அங்கே எச்.ஐ.வி. இருந்தால் வேலை அனுமதி கிடையாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனக்கு ஒருவரும் எதையும் விளக்கவில்லை. இரண்டு நாள் ஓர் அறைக்குள் வைத்திருந்து விமானம் ஏற்றினார்கள்.

எப்படித் தொற்றியது என்று கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு இங்கே பதில் எழுதப்போவதில்லை. பதில் என்னவாக இருந்தாலும் குளிசை ஒன்றுதான், படும் பாடும் ஒன்றுதான்.

ஊருக்கு வந்து ஒரு மாதம் ஒளித்துத் திரிந்த பிறகு திருகோணமலைக்குப் போனேன். உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு இரத்தம் கொழும்புக்குப் போய்வந்தது. என் சி.டி.4 எண்ணிக்கை, அதாவது இரத்தத்தில் நோயை எதிர்க்கும் கலங்களின் கணக்கு, 190. அது 200-க்குக் கீழே போனால் வேறு தொற்றுகள் எளிதில் பிடிக்கும் என்று தடுப்புக்காக இன்னொரு குளிசையும் சேர்த்துத் தந்தார்கள். எருமை வளர்க்கிற வீடு என்று சொன்னதும், "பச்சைப் பால் குடிக்கவேண்டாம், காய்ச்சித்தான் குடிக்கவேணும்" என்றார் டொக்டர். எல்லாம் இலவசம். சுனாமி வந்த அதே 2004-ல்தான் இலங்கையில் இந்த மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முன்பெல்லாம் சி.டி.4 நன்றாகக் குறையும்வரை காத்திருக்கவைத்துத்தான் மருந்து தொடங்குவார்களாம். 2015-ல் உலக சுகாதார நிறுவனம், தொற்று உறுதியானால் எல்லோருக்கும் மருந்து தொடங்குங்கள் என்று சொல்லிவிட்டது. எனக்கும் தாமதமில்லாமல் தொடங்கினார்கள். மருந்து விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது.

வீட்டுக்கு வந்த முதல் கிழமையே எனக்கென்று ஒரு கோப்பை, ஒரு தட்டு, ஒரு வாளி, ஒரு துவாய் என்று பிரித்துவைத்தேன். ஒருவரும் சொல்லவில்லை, ஒருவருக்கும் விஷயம் தெரியாது. நானாகவே செய்தேன். அம்மா இரண்டு மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன மகன், எங்கட கோப்பை உனக்கு இப்ப ஒத்துவரல்லையா?" என்று கேட்டார். வெளிநாட்டுக் காசு கண்டவனின் பெருமை என்று நினைத்திருக்கிறார். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அக்காவும் அத்தானும் பக்கத்து வளவு. அத்தானின் பிழைப்பு எருமைத் தயிர். விடிய முன்னம் பட்டிக்குப் போய்க் கன்றை அவிழ்த்து ஊட்டவிட்டுக் கறப்பார். வீட்டுக்குக் கொண்டுவந்து காய்ச்சி, விரல் தாங்கும் சூட்டுக்கு ஆறவைத்து, உறை குத்தி, சட்டிகளில் ஊற்றிக் கடதாசியால் மூடிக் கட்டவேண்டும். இரண்டு பேர் வேலை. நான் வெளிநாடு போகுமுன் அந்த இரண்டாவது ஆள் நான்தான். வந்தபிறகு சட்டிப் பக்கமே போகவில்லை. விரலில் கீறல் இருக்கும், பால் பட்டுவிடும், அந்தத் தயிரை ஊர்ப் பிள்ளைகள் தின்னும் என்று பயந்தேன். அத்தான் இரண்டுமுறை கூப்பிட்டார். மூன்றாம் முறை, "அவனுக்கு இப்ப எருமை மணக்குது" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கேட்டது.

எச்.ஐ.வி. சாப்பாட்டால் தொற்றாது, கோப்பையால் தொற்றாது, ஒரே கிணற்றில் குளிப்பதால் தொற்றாது, நுளம்பு கடிப்பதால் தொற்றாது. பாதுகாப்பில்லாத உடலுறவு, இரத்தம், கர்ப்பத்திலும் பிரசவத்திலும் தாய்ப்பாலிலும் தாயிடமிருந்து குழந்தைக்கு, இவைதான் வழிகள். இதைக் கிளினிக்கில் முதல் நாளே சொன்னார்கள், தமிழில் துண்டுப்பிரசுரமும் தந்தார்கள். நான் அதைப் பலமுறை படித்திருக்கிறேன். தலைக்குத் தெரிந்தது கைக்கு வந்து சேரவில்லை. சட்டியைக் கண்டால் கை பின்னால் போகும்.

இலங்கையில் வயது வந்தவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட இந்தத் தொற்று இல்லை. நாட்டுக்கு அது நல்ல செய்தி. ஆனால் எங்கள் ஊர் அளவுள்ள ஓர் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள். சீனி வருத்தக்காரருக்கு வாங்கில் பக்கத்திலேயே இன்னொரு சீனி வருத்தக்காரர் இருப்பார். "உங்களுக்கு எவ்வளவு, எனக்கு இவ்வளவு" என்று கதைத்துக்கொண்டே முறை வரும்வரை இருக்கலாம். எனக்குத் தெரிந்து எங்கள் ஊரிலும் பக்கத்து மூன்று ஊர்களிலும் இது உள்ளவன் நான் ஒருவன்தான். வேறு யாரும் இருந்தாலும் அவரும் என்னைப்போல வாயைக் கட்டிக்கொண்டுதான் இருப்பார்.

இரவுகளைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்போது எனக்குத் தந்த மருந்துக் கலவையில் எஃபாவிரென்ஸ் இருந்தது. படுக்கப் போகும்போது குடிக்கச் சொன்னார்கள். கனவு வரலாம், தலை சுற்றலாம், பெரும்பாலும் சில கிழமைகளில் குறைந்துவிடும் என்றும் சொன்னார்கள். எனக்குக் குறையவில்லை. ஒவ்வோர் இரவும் வாகரைப் பாதை, ஒவ்வோர் இரவும் அப்பா. கண் விழித்தபிறகும் கனவு எது, அறை எது என்று பிரிக்க ஐந்து நிமிடம் செல்லும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு குடித்தால் அந்த மருந்து உடம்பில் கூடச் சேர்ந்து தொல்லையும் கூடும். நானோ இரவு ஒன்பது மணிக்குச் சோறும் எருமைத் தயிரும் தின்றுவிட்டு உடனே குளிசையைப் போட்டுக்கொண்டிருந்தேன். வெறும் வயிற்றில் போடச் சொன்னதை மறந்துவிட்டேன். எஃபாவிரென்ஸ் சிலருக்கு மனச்சோர்வையே கொண்டுவரும் என்பதும் எனக்குத் தெரியாது. கனவையும் களைப்பையும் நோயின் பங்கு என்று எடுத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவேண்டிய விஷயமாகவே அது எனக்குத் தோன்றவில்லை.

நித்திரைக்காகச் சாராயம் பழகினேன். விடியப் பத்து மணிக்கு எழும்புவேன். அதற்குள் ஊர் அரை நாளை முடித்திருக்கும். அந்த நேரத்தில் எழும்பிக் கிணற்றடிக்குப் போனால் நாலு பேர் பார்ப்பார்கள், "இப்பதான் விடிஞ்சதா" என்பார்கள். அதனால் போகமாட்டேன். குளிக்காததால் வெளியே போகமாட்டேன். வெளியே போகாததால் வேலை இல்லை. வேலை இல்லாததால் இரவு நித்திரை இல்லை. எல்லோருக்கும் சோம்பேறியாகத் தெரிந்தேன். குளிசையை மட்டும் ஒரு நாளும் விடவில்லை. ஒழுங்காகக் குளிசை குடிக்கிற ஆளின் மனமும் ஒழுங்காக இருக்கும் என்று யாரும் நினைத்துவிடவேண்டாம்.

எங்கள் பக்கத்தில் மனச்சோர்வு என்று ஒருவரும் வாயால் சொல்வதில்லை. "யோசினை கூடிட்டுது" என்பார்கள். அதற்கு மருந்து, "யோசிக்காத." அம்மா சொல்வார், மாமா சொல்வார், கடைக்காரரும் சொல்வார். போரும் சுனாமியும் கண்ட ஊரில் எல்லோருக்கும் யோசினைதான், அதில் என் யோசினை மட்டும் என்ன பெரிது என்று எனக்கே தோன்றும். யோசினையைத் தாண்டினால் அடுத்த சொல் விசர். நடுவில் சொல் இல்லை. நடுவில் நின்றவன் நான். என்னிடம் இருப்பது இன்னது என்று சொல்லி உதவி கேட்க எனக்கு ஒரு பெயர் இருக்கவில்லை.

2020 பங்குனியில் ஊரடங்கு வந்தது. பஸ் இல்லை. என் போத்தலில் ஆறு குளிசை மிச்சம். கிளினிக்குக்குப் போன் எடுத்தேன். மூதூர்ப் பக்கம்வரை மருந்து வந்துசேர ஏற்பாடு செய்து தந்தார்கள். ஆனால் மூதூருக்கு எப்படிப் போவது? அத்தானிடம் மோட்டார் சைக்கிளும், பால் கொண்டுபோக அனுமதியும் இருந்தன. அத்தானைக் கேட்கவேண்டுமானால் அக்காவைக் கேட்கவேண்டும். அக்கா கேட்பார், "என்ன மருந்து?"

கேட்டார். இரண்டு நாள் சமாளித்தேன். மூன்றாம் நாள் இரவு கிணற்றடியில் வைத்துச் சொல்லிவிட்டேன். அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதாலதான் கோப்பையப் பிரிச்சியா?" என்றார். "ஓம்" என்றேன். அத்தானிடம் நித்திரை மருந்து என்று சொல்லி அனுப்பி எடுப்பித்தார். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், என்னுடைய தட்டிலும் கோப்பையிலும் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்தார். அன்றிலிருந்து வீட்டுத் தட்டில்தான் சாப்பிடுகிறேன்.

யாரிடமும் சொல்லலாமா என்று இப்போது என்னிடம் ஒருவர் கேட்டால், ஊருக்குச் சொல்லவேண்டாம், ஒருவரிடம் சொல்லுங்கள் என்பேன். அந்த ஒருவரைப் பாசத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கவேண்டாம். அம்மாவுக்கு என்மீது பாசம் கூட, ஆனால் அம்மாவின் முகத்தில் எதுவும் நிற்காது. முன்பு உங்கள் ரகசியம் ஒன்றைக் கேட்டு, அதை வெளியே விடாதவர் யார் என்று பாருங்கள். சொல்லும்போது அவருக்கு ஒரு வேலையும் கொடுங்கள். மருந்து எடுத்துவர, கிளினிக் திகதியை ஞாபகப்படுத்த, எதுவும் சரி. கையில் வேலை இருந்தால் அவருக்கும் பயம் குறைகிறது. தனியாகச் சொல்லத் தைரியம் வராவிட்டால் அவரைக் கிளினிக்குக்கே கூட்டிப்போய் டொக்டரின் முன்னால் சொல்லலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.

ஊரடங்கு தளர்ந்தபிறகு அடுத்த கிளினிக்குக்கு அக்காவும் வந்தார். டொக்டர் வழக்கம்போல, "எப்படி இருக்கிறீங்க?" என்றார். நான் வழக்கம்போல, "நல்லா இருக்கிறன்" என்றேன். அக்கா இடையில் புகுந்தார். "இவர் பொய் சொல்றார் டொக்டர். வீட்ட இவர் நல்லா இல்ல."

டொக்டர் பேனையை வைத்துவிட்டுக் கதிரையைத் திருப்பினார். கடந்த இரண்டு கிழமையில் என்று தொடங்கிக் கேட்டார். விருப்பமாகச் செய்தவற்றில் விருப்பம் விட்டுப்போனதா? நித்திரை எப்படி? பசி? ஒரு விஷயத்தில் மனதை நிறுத்த முடிகிறதா? குற்றவாளி போல உணர்கிறீர்களா? செத்துப்போனால் நல்லம் என்ற எண்ணம் வந்ததா?

வந்தது என்றேன். அதை வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா அழுதார். ஆனால் அந்த அறையில் ஒருவரும், "யோசிக்காத" என்று சொல்லவில்லை.

இதைப் படிப்பவருக்கு அந்த எண்ணம் இருந்தால், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்கவேண்டாம். 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவனம் நடத்துவது. தமிழில் கதைக்கலாம். எச்.ஐ.வி.யைப் பற்றிச் சொல்லவேண்டும் என்றுகூட இல்லை. நித்திரை இல்லை, வாழப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னால் போதும்.

அன்றைக்கு இரண்டு முடிவு எடுத்தார்கள். ஒன்று, எஃபாவிரென்ஸை நிறுத்தி டொலுடெக்ராவிர் உள்ள கலவைக்கு மாற்றினார்கள். 2019-லேயே உலக சுகாதார நிறுவனம் அதை முதல் தெரிவாகச் சொல்லியிருந்தது. நாளுக்கு ஒரு குளிசை. சிலருக்கு இது நித்திரையைக் கெடுக்கும் என்பதால் காலையில் குடிக்கச் சொன்னார்கள். இரண்டு கிழமையில் அப்பா கனவில் வருவது குறைந்தது. நான் பட்டதில் எவ்வளவு மருந்தால் வந்தது, எவ்வளவு வாழ்க்கையால் வந்தது என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஒரு மருந்து தொடங்கியபிறகு கனவோ மனமோ மாறினால் டொக்டரிடம் சொல்லுங்கள். மாற்று இருக்கிறது. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மற்றது, மனநலக் கிளினிக். நான் போகமாட்டேன் என்றேன். அந்த வரிசையில் ஊர்ச் சனம் கண்டால் இருக்கிற பெயரோடு இன்னொரு பெயரும் சேரும் என்று நினைத்தேன். அக்கா விடவில்லை. போய்ப் பார்த்தால் நித்திரை இல்லாதவர்கள், குடியை விட வந்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள். எல்லோரும் என்னைப்போலத்தான் குனிந்துகொண்டு இருந்தார்கள். ஃபுளுஒக்செடின் என்ற மனச்சோர்வு மருந்து தந்தார்கள். முதல் மூன்று கிழமை ஒன்றும் தெரியவில்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்தேன். ஐந்தாம் கிழமையில் ஒரு நாள் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போதுதான் கவனித்தேன், குளிக்கவேண்டுமே என்று நான் யோசிக்கவேயில்லை, கால் தானாகக் கிணற்றடிக்குப் போயிருக்கிறது. இந்த மருந்து வேலை செய்யச் சில கிழமை எடுக்கும். சுகமானபிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரவேண்டும், டொக்டர் சொல்லித்தான் குறைக்கவேண்டும். நான் ஒரு வருடத்துக்கு மேல் குடித்தேன்.

அங்கே தாதியாக இருந்த மிஸி ஒருவர் செய்த உதவிதான் எல்லாவற்றிலும் பெரிது. என்னை ஒரு பள்ளிக்கூடக் கொப்பி வாங்கச் சொன்னார். "மனசு எப்படி இருந்தது என்று எழுதவேண்டாம் தம்பி. மூன்று விஷயம் மட்டும். எட்டு மணிக்கு முதல் குளிச்சீங்களா, படலையைத் தாண்டினீங்களா, வீட்டுக்கு வெளியில ஒருவரோட கதைச்சீங்களா. செய்தா ஒரு சரி போடுங்க, இல்லையென்றால் விடுங்க" என்றார். மனம் சரியானபிறகு எழும்பலாம் என்று படுத்திருந்தால் நாள் போய்க்கொண்டேயிருக்கும், முதலில் எழும்பிப் பாருங்கள் என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் ஒவ்வோர் இரவும் அக்கா போன் எடுத்து, "எத்தனை?" என்று கேட்கத் தொடங்கினார். பூச்சியம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்துக்காகவே சில நாள் படலையைத் தாண்டினேன். முதல் மாதக் கொப்பி இன்னும் இருக்கிறது. 30 நாளில் 22 சரி. 90 இருக்கவேண்டிய இடத்தில் 22. அந்த 22-ஐப் பார்த்து மிஸி, "நல்லது, போன மாதம் இது பூச்சியம்தானே" என்றார்.

மூன்றாம் மாதம் நான்காவது கேள்வியாகத் தயிரைச் சேர்த்தேன். நானாகவே சேர்த்தேன். முதல் நாள் அத்தானுக்குப் பக்கத்தில் நின்று அடுப்புக்கு விறகு மட்டும் தள்ளினேன். அடுத்த கிழமை சட்டி கழுவினேன். ஒரு நாள் அத்தானுக்குக் காய்ச்சல். அக்கா பாலை ஆற்றிவைத்துவிட்டு, உறைப் பாத்திரத்தை என் கையில் தந்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். 14 சட்டி. கை நடுங்கியது. விரலை விட்டுச் சூடு பார்த்தேன், உறை குத்தினேன், ஊற்றினேன், கட்டினேன். அடுத்த நாள் அந்தத் தயிர் ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்குப் போனது. நானும் அங்கே பந்தியில் இருந்து அதைச் சாப்பிட்டேன்.

இனி, சில்லறை விஷயங்கள். கிராமத்தில் இவைதான் நாளைக் கெடுப்பவை.

மருந்துப் போத்தல் சத்தம் போடும். முப்பது குளிசை பிளாஸ்டிக் போத்தலுக்குள் குலுங்குவது பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கு நன்றாகக் கேட்கும். நான் கிளினிக்கிலிருந்து வெளியே வந்தவுடன் சுத்தமான பஞ்சைத் திணித்துவிடுவேன். குளிசைகளை வேறு பையில் கொட்டி வைக்கவேண்டாம். ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம் அந்தப் போத்தலுக்குள்தான் இருக்கிறது.

டொலுடெக்ராவிர் குடிப்பவர்கள் அன்டாசிட் வகை வயிற்றெரிவு மருந்தை அதோடு சேர்த்துப் போடக்கூடாது. குளிசை குடித்து இரண்டு மணித்தியாலம் கழித்து அதைப் போடலாம். அதை முதலில் போட்டுவிட்டால் ஆறு மணித்தியாலம் விட்டுத்தான் இந்தக் குளிசை. கல்சியம், இரும்புச்சத்துக் குளிசைகளுக்கும் இந்த இடைவெளிதான், சாப்பாட்டோடு என்றால் மட்டும் சேர்த்துக் குடிக்கலாம். சீனி வருத்தத்துக்கு மெட்போர்மின் எடுப்பவர்கள் இரண்டு இடத்து டொக்டருக்கும் அதைச் சொல்லவேண்டும், அளவைப் பார்த்துக் குறைக்கவேண்டி வரலாம். ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்தவுடன் குடியுங்கள். அடுத்த வேளை வந்துவிட்டால் இரட்டையாகப் போடவேண்டாம்.

கிளினிக் நாள் எனக்கு ஒரு முழு நாள். கிண்ணியாப் பாலம் 2009-ல் திறக்குமுன் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி இறங்கிப் போகவேண்டியிருந்தது. இப்போது பஸ் நேரே போகிறது என்றாலும், விடிய வெளிக்கிட்டுப் பொழுதுபட்டுத்தான் வீடு. முன்பு அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பே நெஞ்சு படபடக்கத் தொடங்கிவிடும். இப்போது அந்த நாளோடு வேறொரு வேலையையும் கட்டிவைத்திருக்கிறேன். தயிர்ச் சட்டிக்குக் கடதாசியும் கயிறும் நகரத்தில் மலிவு. வாங்கிக்கொண்டு பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போவேன், பிறகு கோட்டைப் பக்கக் கடற்கரையில் கொஞ்ச நேரம் இருப்பேன். மான்கள் பயமில்லாமல் பக்கத்தில் வந்து வாழைப்பழத் தோலைத் தின்னும். "எங்க போனாய்?" என்று ஊரில் கேட்டால், "கடதாசி எடுக்க" என்று உண்மையே சொல்லலாம்.

2022-ல் பெற்றோல் இல்லை, பஸ்ஸும் அரைகுறை. மூதூர்வரை சைக்கிளில் மிதித்துத்தான் கிளினிக்குக்குப் போனேன். அன்றிலிருந்து கையில் பத்து நாள் மருந்தாவது கூட இருக்கும்படி திகதி கேட்டு வாங்குகிறேன். வெள்ளம் வரும் மாதங்களில் இன்னும் கொஞ்சம் முன்கூட்டியே போகிறேன்.

கிளினிக் வாங்கில் ஒருமுறை வேறு ஊர்க்காரர் ஒருவரைச் சந்தித்தேன். மீன்பிடிக்கிறவர், என்னைவிட மூத்தவர். ஞாயிறு பின்னேரங்களில் போனில் கதைப்போம். பெரும்பாலும் மீன் விலையும் பால் விலையும்தான். எல்லாம் தெரிந்த ஒருவரோடு வேறெதையோ கதைக்க முடிவதே எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லித் தெரியாது. கொழும்பில் லங்கா பிளஸ் போல, எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களே நடத்தும் அமைப்புகள் இருக்கின்றன. தூரம் என்றாலும் போனுக்குத் தூரமில்லை.

2021-ல் எருமை உதைத்து முழங்கால் கிழிந்து ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தையல் போடவேண்டும் என்றபோது, சொல்வதுதான் முறை என்று நினைத்துச் சொன்னேன். அங்கே இருந்த ஒருவர் நடைபாதை முழுக்கக் கேட்கும்படி, "ரெண்டு கையுறை போடுங்க, இவருக்கு அது இருக்காம்" என்றார். தைத்தார்கள், நன்றாகவே தைத்தார்கள். என் கொப்பியில் அதற்குப் பிறகு 12 நாள் வெற்றுத் தாள். 13-ம் நாள் அந்த மீன்காரர்தான் போன் எடுத்தார். தனக்கும் நடந்ததைச் சொன்னார். "அடுத்த தரம் இப்படி நடந்தா அண்டைக்கே எனக்கு எடு, பன்னிரண்டு நாள் விடாத" என்றார். எங்கள் கிளினிக்கில் சொன்னேன், கதைப்பதாகச் சொன்னார்கள், கதைத்தார்கள். எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையின் கல்வி உரிமையைப் பறிக்க முடியாது என்று 2016-ல் நாட்டின் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வைத்தியமும் அப்படித்தான் இருக்கவேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே கவனத்தோடு கையுறை போட்டால் ஒருவரும் கத்தவேண்டியதில்லை.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. பெண் பார்க்கிறார். இதுதான் இன்றைக்கும் என் நாளை அதிகம் உலுக்குவது. மருந்தால் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவில் தொடர்ந்து இருக்கும் ஒருவரிடமிருந்து உடலுறவால் தொற்றாது என்று இப்போது உறுதியாகச் சொல்கிறார்கள். 2016-லும் 2019-லும் வெளியான, பார்ட்னர் என்று பெயரிட்ட ஆய்வுகளில், அப்படி வாழ்ந்த இணைகளுக்குள் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒரு தொற்றுகூட நடக்கவில்லை. 2019-ல் இலங்கை, தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்றையும் பெற்றது. ஆகவே கல்யாணமும் பிள்ளையும் எனக்கு மூடிய கதவில்லை. ஆனால் வரப்போகிறவளுக்கு மறைத்து ஒன்றும் செய்யமாட்டேன். அதை எப்படிச் சொல்வது, யாரிடம் தொடங்குவது என்று இன்னும் முடிவாகவில்லை. டொக்டர், "கூட்டிக்கொண்டு வாங்க, நான் கதைக்கிறன்" என்று சொல்லியிருக்கிறார்.

கூடாத நாள்கள் இப்போதும் வருகின்றன. முன்பு அவை மாதமாக வந்தன, இப்போது நாளாக வருகின்றன. போன கிழமை அப்படி ஒன்று. விடிய விடிய மழை. குளிசையைப் போட்டுவிட்டு மறுபடியும் படுத்துவிட்டேன். இரவு அக்கா எடுத்தார்.

"எத்தனை தம்பி?"

"ஒன்று. குளிச்சன்."

"சரி" என்றார். கொஞ்ச நேரம் மழைச் சத்தம் கேட்டது. "கறுப்பி கன்று போட்டிட்டுது. கிடாரி. உன்ட அத்தான் தனிய நனைஞ்சுகொண்டு நிற்கிறார்."

தலைமாட்டில் இருந்த டோர்ச் லைட்டை எடுத்துப் பற்றுகிறதா என்று பார்த்தேன். சேர்ட்டைப் போட்டுக்கொண்டு படலையைத் திறந்தேன்.